ஒரு கை, ஐந்து பெயர்: தோட்டப்புறத்தில் பல கணக்கு விளையாட்டு

ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே இணைய விளையாட்டில் நான்கைந்து கணக்குகளை வெவ்வேறு கணினிகளில் திறந்து வைத்து விளையாடலாமா? விளையாட்டு நிறுவனங்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பெற்றோரைக் கேட்டால் “ஒன்றே வேண்டாம் என்கிறோம், இதில் ஐந்தா?” என்பார்கள். விளையாடுகிறவர்களோ இருபது ஆண்டுக்கும் மேலாக இரண்டு கட்சியாக நின்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். இங்கே ஒருவர் ஐந்து கணக்கு வைத்திருப்பதைவிட, ஐந்து பேர் ஒரே கணினியையும் ஒரே இணைப்பையும் பங்கிட்டுக்கொள்வதுதான் நெடுநாள் வழக்கம். நிறுவனங்களின் காவல் மென்பொருளுக்கு இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிவதில்லை. ஐந்து கணக்குக்கும் ஐந்து கணினிக்கும் காசு உள்ளவர் விதிக்குள் நின்றுகொள்கிறார். ஒரு கணினியை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி ஆடும் வீடு சந்தேகத்துக்கு ஆளாகிறது. பல கணக்கு விவாதத்தின் நியாயம் எங்கே பிசகுகிறது என்பதை அந்த வீட்டிலிருந்து பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும்.

பழக்கம் எப்படித் தொடங்கியது? ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் அல்டிமா ஆன்லைன் 1997இலும் எவர்குவெஸ்ட் 1999இலும் வந்தன. எவர்குவெஸ்டில் தனி ஆளாகப் போனால் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது. அடி வாங்கிக்கொண்டு முன்னால் நிற்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர், தூரத்திலிருந்து தாக்க ஒருவர் என்று குழு வேண்டும். இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் விளையாட உட்காருகிறவருக்குக் குழு எங்கே கிடைக்கும்? பக்கத்தில் இன்னொரு கணினியை வைத்து, இன்னொரு கணக்கு வாங்கி, காயம் ஆற்றும் ஆளையும் தானே ஓட்டினார். பேராசையால் அல்ல, துணைக்கு ஆள் இல்லாத குறையால் பிறந்த வழக்கம் இது. 2003இல் ஈவ் ஆன்லைனும் 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டும் வந்தபோது இரண்டு ஐந்தாகியது, ஐந்து பத்தாகியது. ஒரு விசையை அழுத்தினால் பத்து வீரரும் ஒரே நொடியில் அம்பு விடும் அளவுக்கு மென்பொருள்களும் வந்து சேர்ந்தன.

மலேசியாவுக்கு இந்தப் பழக்கம் வந்த வழி வேறு. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதை முதலில் கற்றது ராக்னரோக் ஆன்லைனிலும் மேப்பிள் சீயிலும்தான். கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002இல் வெளியிட்ட ராக்னரோக்கில் வணிகர் என்றொரு வகுப்பு உண்டு. தள்ளுவண்டியில் பொருளை ஏற்றிக்கொண்டு புரொண்டேரா நகரத் தெருவில் உட்கார்ந்துவிடுவார். தலைக்கு மேல் ஒரு பலகை தெரியும். அதைத் தொட்டால் வண்டியில் இருக்கும் பொருளும் விலையும் விரியும். இதில் ஒரு சிக்கல். கடை திறந்திருக்க வேண்டுமென்றால் அந்த வணிகர் இணைப்பிலேயே இருக்க வேண்டும். விளையாடுகிறவர் வெளியேறினால் கடையும் மூடிவிடும். வேட்டைக்கும் போக வேண்டும், கடையும் நடக்க வேண்டும் என்றால் இரண்டு கணக்கு, இரண்டு கணினி தேவை. ஒன்றில் அசுரனை அடித்துப் பொருள் சேர்ப்பார்கள், மற்றொன்றில் அதை விற்பார்கள். இரவு முழுக்கக் கணினியை அணைக்காமல் கடையை நடத்தி, காலையில் எழுந்ததும் எவ்வளவு விற்றிருக்கிறது என்று பார்த்த தலைமுறை இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருக்கிறது. பல கணக்கு வைப்பது ஏமாற்று என்று அவர்களில் யாரும் நினைத்ததில்லை. விளையாட்டின் அமைப்பே அப்படித்தான் ஆட வைத்தது.

மேப்பிள் சீயில் இன்னொரு வகை. ஆசியாசாஃப்ட் நிறுவனம் 2005இல் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவந்த அந்த விளையாட்டில், பூசாரி வகுப்பாளர் போடும் ஒரு மந்திரம் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அனுபவப் புள்ளியைக் கூட்டித் தரும். அந்த மந்திரத்துக்காகவே ஒரு பூசாரிக் கணக்கை வளர்த்து, பக்கத்துக் கணினியில் நிறுத்தி வைப்பார்கள். ஒரே கணினியில் இரண்டு முறை திறக்க மேப்பிள் விடாது. ஆகவே இரண்டாவது கணினி கட்டாயம். வீட்டில் ஒன்றுகூட இல்லாதவர் சைபர் கஃபேக்குத்தான் போக வேண்டும். நம் பேச்சில் ‘சிசி’.

சிரம்பான், போர்ட்டிக்சன், நீலாய், பகாவ் பட்டணங்களில் சிசி செழித்த காலம் அது. லாபு, சிலியாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பேருந்திலும் கடன் வாங்கிய மோட்டாரிலும் அங்கே போனதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. டெலிகோம் 2001இல் கொண்டுவந்த ஸ்ட்ரீமிக்ஸ், செம்புக் கம்பி வழியாக வரும் சேவை. தொலைபேசி நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் சமிக்ஞை தேய்ந்துவிடும். தோட்டத்து லயம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே, செம்மண் பாதையின் கடைசியில் இருக்கும். பட்டணத்துப் பிள்ளை வீட்டில் விளையாடினான், தோட்டத்துப் பிள்ளை மணிக்கணக்கில் காசு கட்டி விளையாடினான். ஆன்லைன் காசுக்கு மோல் பாயிண்ட் அட்டை. 2000இல் தொடங்கிய இந்த மலேசிய நிறுவனத்தின் அட்டைகள் சிசியிலும் செவன் இலெவன் கடையிலும் கிடைத்தன. வங்கி அட்டை இல்லாத பையன் பத்து ரிங்கிட் கொடுத்து விளையாட்டுக்குள் நுழைய அதுதான் வாசல். அப்படிச் சேர்ந்த சில்லறையின் பலத்தை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம். 2009 டிசம்பரில் ஃபிரெண்ட்ஸ்டரை வாங்கிய மோல், 2014 அக்டோபரில் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2018இல் ரேசர் நிறுவனம் அதை வாங்கியது. இன்று ரேசர் கோல்டு என்று இருப்பது அந்த வழி வந்ததுதான்.

இப்போது தோட்டப்புறம் அப்படியே இல்லை. நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கெடிஸ், சுவா பெத்தோங், தானா மேரா, சாகா என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலர் தோட்டத்தில் குடியிருப்பதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் செனாவாங், ராசா, நீலாய்த் தாமான்களுக்குப் பெயர்ந்தன. செம்பனைக் குலை வெட்ட இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்தார்கள். மீதி இருப்பவர்களும் பக்கத்துத் தாமானில் இருப்பவர்களும் கோயில் திருவிழாவில், பள்ளி விளையாட்டுப் போட்டியில் கூடுகிறார்கள். ‘தோட்டப்புறம்’ என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது இந்த மொத்த வட்டாரத்தை.

கருவிகளும் மாறின. கம்பிக்காகக் காத்திருந்த லயத்துக்கு இணையம் கைப்பேசி வழியாக வந்தது. 2021 இறுதியில் நாடு முழுக்க 3ஜி அலைவரிசை மூடப்பட்டது. அதனால் வீட்டில் கிடந்த பழைய 3ஜி கைப்பேசிகளுக்குச் சொந்தமாக டேட்டா கிடையாது. ஆனால் அப்பாவின் 4ஜி கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டால் அவை வைஃபையில் உயிர் பெறும். கோவிட் காலத்தில், 2020 மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தலுக்காகப் பல குடும்பங்கள் கடன்பட்டாவது ஒரு கருவி வாங்கின. 2021 பிப்ரவரியில் தொடங்கிய செர்டிக் திட்டத்தின் இலக்கு, வசதி குறைந்த மாணவர்களுக்கு 150,000 கருவிகள் வழங்குவது. ஆக, ஒரு கணினிகூட இல்லாமல் சிசிக்கு ஓடிய வீட்டில் இன்று மூன்று நான்கு கருவிகள் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயது, ஒவ்வொரு இயங்குதளம். விண்டோஸ் ஓடும் பழைய மேசைக் கணினி ஒன்று, பள்ளிக்காக வந்த மடிக்கணினி ஒன்று, ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இரண்டு. பல கணக்கு ஆட்டம் இங்கே நடப்பது இந்தக் கதம்பத்தில்தான்.

அந்தக் கதம்பத்தை ஓட்டுவதற்குக் கைத்திறன் வேண்டும். அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். திரையில் கிடப்பவனைப் பார்த்து “சோம்பேறி” என்று முடித்துவிடும் பெரியவர்கள் கண்ணில் படாத வேலை அது. எல்லாக் கருவிக்கும் ஒரே வேகம் இருக்காது. ஒரு குகைக்குள் நுழையும்போது மேசைக் கணினி பத்து நொடியில் திறந்துவிடும், பழைய மடிக்கணினி அரை நிமிடம் எடுக்கும். அதற்குள் முன்னால் போன வீரன் அடிபட்டுச் செத்திருப்பான். ஆகவே வேகமான கருவிக்கு முன்னால் நிற்கும் வேலை, மெதுவான கருவிக்குப் பின்தொடர்ந்து காயம் ஆற்றும் வேலை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். பல விளையாட்டில் ‘பின்தொடர்’ என்ற கட்டளை உண்டு. அதைப் போட்டுவிட்டால் இரண்டாவது ஆள் தானே பின்னால் வருவான். மேசையில் மூன்று விசைப்பலகை வைக்க இடமில்லை என்றால் ஒரே விசைப்பலகையையும் சுட்டியையும் பல கணினிக்கு மாற்றித் தரும் பெட்டி கடையில் கிடைக்கும். அதற்கும் காசில்லாதவர் சினர்ஜி, பேரியர் போன்ற மென்பொருளைப் போட்டுக்கொள்கிறார். சுட்டியை விண்டோஸ் திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் அது பக்கத்தில் இருக்கும் லினக்ஸ் அல்லது மேக் திரையில் போய் முளைக்கும். மேக்கில் கட்டளை விசை இருக்கும் இடம் வேறு, ஆகவே விசைகளை மறுபடி அமைக்க வேண்டும். லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டை ஓட்ட வைன், புரோட்டான் என்ற இடைப்பூச்சு வேண்டும். கைப்பேசி விளையாட்டைக் கணினியில் ஓட்ட ப்ளூஸ்டாக்ஸ், எல்டி பிளேயர் போன்ற ‘எமுலேட்டர்’ மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரே கணினிக்குள் நான்கு கைப்பேசிகள் இருப்பதுபோல நான்கு சாளரம் திறந்து தரும். ஆனால் நினைவகம் எட்டு ஜிகாபைட் என்றால் மூன்றாவது சாளரத்திலேயே கணினி திணறும்.

இதில் ஒரு கோடு கவனிக்க வேண்டியது. சுட்டியை ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது, ஒரு விசை ஒரு கணக்குக்கு மட்டும் போகிறது. ஆட்டம் முழுக்க மனிதக் கையில்தான் இருக்கிறது. ஒரு விசையை அழுத்த, அது ஒரே நேரத்தில் பத்துக் கணக்குக்கும் நகலாகிப் போகும் மென்பொருள் வேறு ஜாதி. ஆளே இல்லாமல் தானே ஓடும் ‘பாட்’ அதற்கும் அப்பால். ஊரில் இந்த மூன்றையும் ஒரே வார்த்தையில் ‘சீட்டிங்’ என்று சொல்லிவிடுகிறோம். நிறுவனங்கள் அப்படிச் சொல்வதில்லை.

ஈவ் ஆன்லைனை நடத்தும் சிசிபி நிறுவனம் 2015 ஜனவரி 1 முதல் விசை நகலைத் தடை செய்தது. பல ஆண்டுகள் அதைப் பொறுத்துக்கொண்ட பிளிசார்ட், 2020 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நகல் மென்பொருளுக்குத் தடை விதித்தது. இரண்டு நிறுவனமும் பல கணக்கு வைத்திருப்பதைத் தடை செய்யவில்லை. கையால் ஓட்டினால் சரி. இது நியாயமான கோடு என்றே நான் கருதுகிறேன். பத்து மந்திரவாதிகள் ஒரே நொடியில் ஒருவர் மேல் தீ வீசினால் எதிரே இருப்பவருக்குப் பதில் சொல்லும் வாய்ப்பே இல்லை. மூலிகையும் தாதுவும் விளையும் இடங்களைப் பத்துப் பேர் படையோடு ஒரே ஆள் துடைத்துக்கொண்டு போனால் புதிதாக வந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் அதே விதிகளுக்குள் பணத்தின் கையும் இருக்கிறது. ஈவ் ஆன்லைனில் காசு கட்டும் கணக்குகளை எத்தனை வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் திறக்கலாம். 2016இல் அறிமுகமான இலவசக் கணக்கை மட்டும் இன்னொரு கணக்கோடு சேர்த்துத் திறக்கக் கூடாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒரு கணக்குக்கு மாதச் சந்தா 14.99 அமெரிக்க டாலர். ஐந்து கணக்கென்றால் மாதம் 300 ரிங்கிட்டை நெருங்கிவிடும். 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளம் வாங்கும் குடும்பத்தில் 300 ரிங்கிட் என்பது பெரிய தொகை. ஐந்து சந்தா கட்டுபவர் விதிப்படி ஆடும் நல்ல வாடிக்கையாளர், இலவசத்தில் இரண்டு திறப்பவர் விதி மீறியவர். இதை நேர்மை என்று ஏற்க என்னால் முடியவில்லை.

இணைய உலாவியில் ஆடும் உத்தி விளையாட்டுகள் இன்னும் கடுமை. 2002இல் வந்த ஓகேம், 2004இல் வந்த டிராவியன் இரண்டிலும் ஓர் ஆளுக்கு ஓர் உலகத்தில் ஒரே கணக்குதான். காரணம் புரிகிறது. இரண்டாவது கணக்கில் ஊரை வளர்த்து, அதன் விளைச்சலை எல்லாம் முதல் கணக்குக்கு அனுப்பிவிட்டால் போட்டி என்ற பேச்சே இல்லை. மலேசியப் பிள்ளைகள் அதிகம் விளையாடும் டோட்டா 2இல் சிக்கல் வேறு விதம். வல்லவன் ஒருவன் இரண்டாவது கணக்கில் புதியவர்போல நுழைந்து கற்றுக்குட்டிகளை நசுக்குவான். ‘ஸ்மர்ஃப்’ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். வால்வ் நிறுவனம் 2023 செப்டம்பரில் இப்படிப்பட்ட 90,000 கணக்குகளை முடக்கியது. அந்தக் கணக்குகளை அவற்றின் முதல் கணக்கோடு பொருத்திவிட்டதாகவும், இனிமேல் முதல் கணக்கும் தண்டனைக்கு ஆளாகலாம் என்றும் சொன்னது. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் விளையாட உட்கார்ந்தவனை இருபது நிமிடம் வதைப்பதில் என்ன பெருமை இருக்கிறது? இதற்காக முடக்கப்பட்டவர்கள் மேல் எனக்கு இரக்கம் இல்லை.

இனி, யார் எந்தக் கணக்கை ஓட்டுகிறார் என்று நிறுவனம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இணைப்பு முகவரி, கருவியின் அடையாள எண், மதர்போர்டு, வட்டு ஆகியவற்றின் எண், உள்நுழையும் நேரம், கணக்குகளுக்கு இடையே கைமாறும் பொருள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது. தோட்டப்புறத்துக்குக் கேடு இங்கேதான். சிசி ஒன்றில் இருபது கணினி இருந்தாலும் வெளி உலகுக்குத் தெரியும் இணைப்பு முகவரி பெரும்பாலும் ஒன்றுதான். கைப்பேசி இணைய நிறுவனங்களும் ஒரே பொது முகவரியை ஏராளமான வாடிக்கையாளருக்குப் பங்கிட்டுத் தருகின்றன. ஒரு லயத்தில் ஆறு வீட்டுப் பிள்ளைகள் ஒரே கைப்பேசிக் கோபுரத்தின் வழியாகவும், ஒரே ஹாட்ஸ்பாட் வழியாகவும் நுழைந்தால், தூரத்து நாட்டில் இருக்கும் சர்வருக்கு அது ஒரே ஆள் போட்ட ஆறு வேடம்போலத் தெரியக்கூடும். அண்ணன் தம்பிக்கு விளையாட்டில் பொருள் கொடுப்பது இயல்பு. அந்தக் கொடுக்கல் வாங்கலே சந்தேகத்துக்குச் சான்றாகிவிடும்.

இரண்டாம் கை கணினி இன்னொரு பொறி. மூடிய சிசிகளின் சிபியு மலிவாகக் கைமாறி வருவது நமக்குத் தெரியும். ரையட் நிறுவனம் 2020இல் வேலரண்ட் விளையாட்டோடு கொண்டுவந்த வான்கார்டு, கணினி இயங்கத் தொடங்கும்போதே விழித்துக்கொள்ளும் காவல் மென்பொருள். ஏமாற்றியவரின் கணக்கோடு நில்லாமல் அவரது கணினியையே அது தடை செய்ய முடியும். முன்னால் யாரோ செய்த தவறுக்காக, அந்தக் கணினியைக் காசு கொடுத்து வாங்கிய தோட்டத்துப் பையன் உள்ளே நுழைய முடியாமல் நிற்பான். லினக்ஸிலும் மெய்நிகர்க் கணினியிலும் வேலரண்ட் ஓடாது. விண்டோஸ் உரிமத்துக்குச் செலவழிக்க முடியாமல் இலவச லினக்ஸ் போட்டவனுக்கு அந்தக் கதவும் அடைப்பு. பப்ஜி மொபைல் 2018இல் செய்தது இதைவிட நல்ல வழி. எமுலேட்டரில் ஆடுகிறவர்களைத் தடுக்காமல், அவர்களை அவர்களுக்குள்ளேயே மோத விட்டது.

பெயருக்கும் கைக்கும் உள்ள இந்தச் சிக்கல் தோட்டத்துக்குப் புதிதல்ல. பால்மரக் காலத்தில் செக்ரோல் பதிவேட்டில் இருப்பது ஒருவர் பெயர். தீம்பாரில் இறங்குவது அவரோடு மனைவியும் பள்ளிக்குப் போகாத பிள்ளையும். மங்கு துடைத்தது ஒரு கை, பால் எடுத்தது ஒரு கை, கட்டிப்பால் பொறுக்கியது இன்னொரு கை. பெரட்டில் கூப்பிட்ட பெயருக்கு மட்டுமே சம்பளம் வந்தது. செம்பனையிலும் குலை வெட்டுகிறவர் பெயரில்தான் கணக்கு ஏறும், உதிர்ந்த பழம் பொறுக்கிய பெண்ணின் உழைப்பு அதற்குள் கரைந்துபோகும். அன்று பல கைகள் ஒரு பெயருக்குள் மறைந்தன. இன்று ஒரு கை பல பெயருக்குப் பின்னால் மறையலாம். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. உழைத்தது யார், பலன் போனது யாருக்கு?

பணம் நுழையும்போது இந்தக் கேள்வி கூர்மையாகிறது. விளையாட்டுத் தங்கத்தை உண்மைக் காசுக்கு விற்கும் தொழில் சீனாவில் பெரிதாக வளர்ந்தது. 2007இல் ஜூலியன் டிபெல் நியூயார்க் டைம்ஸ் இதழுக்காக நாஞ்சிங் நகரத்துப் பட்டறை ஒன்றைப் பற்றி எழுதினார். பன்னிரண்டு மணி நேர இரவு வேலை, மணிக்கு ஏறக்குறைய 30 அமெரிக்கக் காசு கூலி. 2011இல் கார்டியன் நாளிதழ், சீனாவின் ஜிசி தொழில் முகாமில் கைதிகளைக் கட்டாயப்படுத்தித் தங்கம் சேர்க்க வைத்ததை ஒரு முன்னாள் கைதியின் வாய்மொழியாக வெளியிட்டது. அதே ஆண்டு உலக வங்கியின் இன்ஃபோடெவ் அறிக்கை, விளையாட்டுப் பொருள் விற்பனை, கணக்கு வளர்த்துத் தருதல் போன்ற சேவைகளின் சந்தையை 2009இல் 300 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. பொருளாதாரம் சரிந்த வெனிசுவேலாவில் ரூன்ஸ்கேப் தங்கம் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

நம் வட்டாரத்தை நெருங்கி வந்தது ஆக்ஸி இன்ஃபினிட்டி. வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் உருவாக்கிய அந்த விளையாட்டில் அப்போது நுழையவே காசு கொடுத்து உயிரினங்களை வாங்க வேண்டியிருந்தது. வசதியுள்ள ‘மேனேஜர்’ பல கணக்குகளை வாங்கி வைத்து, ஏழைப் பிள்ளைகளை ‘ஸ்காலர்’ என்ற பெயரில் விளையாட வைத்து வருமானத்தில் பங்கு எடுத்தார். 2021இல் பிலிப்பைன்ஸ் முழுக்க இது பரவியது. பிறகு டோக்கன் விலை விழுந்தது. 2022 மார்ச்சில் அதன் ரோனின் வலையமைப்பிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டது. ஒருவர் பெயரில் பல கணக்கு, ஆடுவது வேறு ஆட்கள், ஆபத்து ஆடுகிறவர் தலையில். கங்காணி முறையை அறிந்த நமக்கு இந்த அமைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே பரவலாக நடப்பது அதைவிடச் சிறியது. மொபைல் லெஜண்ட்ஸில் காசுக்கு ரேங்க் ஏற்றிக் கொடுக்கும் ‘ஜோக்கி’ வேலை, வளர்த்த கணக்கை விற்பது, வாடகைக்கு விடுவது. மலேசிய அணியான சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் 2024இல் ரியாத்தில் மொபைல் லெஜண்ட்ஸ் இடைப்பருவக் கோப்பையை வென்ற பிறகு அந்த விளையாட்டின் மேல் பிள்ளைகளுக்கு மோகம் கூடியிருப்பது இயல்பு. ஆனால் ரேங்க் விற்பனையைத் தென் கொரியா சட்டத்தால் தடுத்திருக்கிறது. 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நம் நாட்டில் 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. கணக்கை விற்றுக் காசு வராமல் ஏமாறும் பதினாறு வயதுப் பையன் அதை மீட்பது எளிதல்ல. விற்ற கணக்கில் மறுபடி கள்ளத்தனமாக நுழைந்தாலோ, 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் காத்திருக்கிறது. அனுமதியில்லாமல் நுழைவதற்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது அடுத்த படி. விளையாட்டில் பத்துக் கணக்கு வைத்திருப்பவனுக்கு, பணம் வாங்க அம்மாவின் வங்கிக் கணக்கு, தங்கையின் மின்பணப்பை, நண்பனின் சிம் கார்டு என்று பிறர் பெயர்களும் தேவைப்படத் தொடங்கும். அந்த இடத்தில்தான் மோசடிக் கும்பல் வந்து நிற்கும். “உன் கார்டைக் கொடு, மாதம் இருநூறு தருகிறேன்” என்பான். 2024இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டம், வங்கிக் கணக்கையும் பணம் செலுத்தும் கருவியையும் பிறர் கையில் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கிவிட்டது. திருடிய பணம் என்று தெரியாது என்று சொல்லித் தப்பிப்பது இனி கடினம். விளையாட்டுக் கணக்கு வேறு, வங்கிக் கணக்கு வேறு என்ற எல்லையைப் பிள்ளைக்குச் சொல்லித் தராத வீட்டில் இந்தப் படி வழுக்கும்.

நேரக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். ஐந்து கணக்கு என்றால் ஐந்து மடங்கு தினசரிப் பணி. இந்த விளையாட்டுகள் அன்றாடம் ஒருமுறை உள்ளே வந்தால் பரிசு தருகின்றன. ஒரு கணக்குக்குப் பதினைந்து நிமிடம் என்றால் ஐந்துக்கு ஒன்றேகால் மணி நேரம், அதுவும் விளையாட்டு தொடங்கும் முன்பே. செனாவாங் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்த்துவிட்டு வருகிறவன் தூக்கத்திலிருந்துதான் அதை எடுக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. தன்னைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டுக்கே முதலிடம், கேடு வந்த பிறகும் தொடர்தல், இவை பொதுவாக ஓராண்டு நீடிப்பது என்பவை அதன் அடையாளங்கள். எத்தனை கணக்கு என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே கணக்கில் அழிந்தவரும் உண்டு, நான்கு கணக்கை வார இறுதியில் மட்டும் ஓட்டி வேலையும் குடும்பமும் கெடாமல் இருப்பவரும் உண்டு. பெற்றோர் பார்க்க வேண்டியது திரைகளின் எண்ணிக்கையை அல்ல, பிள்ளையின் தூக்கத்தையும் முகத்தையும்.

மூன்று இயங்குதளத்தை ஒரே மேசையில் இணைத்து ஓட்டும் பையனிடம் ஒரு திறமை இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் வலையமைப்பு முகவரி என்றால் என்ன என்று தானே கற்றிருக்கிறான். எந்தக் கருவிக்கு எவ்வளவு நினைவகம் போதும் என்று கணக்கிடுகிறான். லினக்ஸ் கட்டளைகளைத் தட்டுத் தடுமாறிப் பழகியிருக்கிறான். போர்ட்டிக்சனிலும் நீலாயிலும் பொலிடெக்னிக்குகள் இருக்கின்றன. அங்கே போய்ச் சேரக்கூடிய பிள்ளையை “கேம் பைத்தியம்” என்று முத்திரை குத்தி எஸ்பிஎம் முடிந்ததும் ஏதாவது வேலைக்குத் தள்ளிவிடுவது நம் பக்கத்துப் பிழை. அவன் கற்றதற்குச் சான்றிதழ் வாங்கித் தரும் வழியைக் காட்டுவது தோட்டத்தில் பிறந்து படித்து மேலே வந்த ஒவ்வொருவரின் கடமை என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கையில் என் முடிவு இது. தன் பெயரில், தன் கையால், விளையாட்டு அனுமதிக்கும் இடத்தில் இரண்டோ ஐந்தோ கணக்கு ஓட்டுவதில் தவறில்லை. விசை நகலும் ‘பாட்’ மென்பொருளும் மற்றவர் ஆட்டத்தைப் பறிக்கின்றன, அவை வேண்டாம். கற்றுக்குட்டிகளை நசுக்கும் இரண்டாவது கணக்கும் வேண்டாம். பிறர் பெயரில் கணக்கு எடுப்பது, தன் பெயரைப் பிறருக்குக் கொடுப்பது இரண்டும் கூடவே கூடாது. நிறுவனங்களோ, இணைப்பு முகவரி ஒன்றாக இருப்பதையும் கருவி ஒன்றாக இருப்பதையும் மட்டும் வைத்துத் தண்டிப்பதை நிறுத்த வேண்டும். ஒரே வீட்டில் ஒரே கருவியைப் பங்கிட்டுக்கொள்கிறவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்கும் வசதி எல்லா விளையாட்டிலும் வர வேண்டும். மேல்முறையீட்டை மனிதர் படித்துப் பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் கோயில் இளைஞர் பிரிவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்காக ஒதுக்குங்கள். விளையாடும் பிள்ளைகளையே கூப்பிட்டு, எத்தனை கணக்கு, யார் பெயரில், காசு எங்கிருந்து வருகிறது என்று அதட்டாமல் கேளுங்கள். வங்கி அட்டையையும் சிம் கார்டையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதை அன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.